ஆறு பொட்டலங்கள்



நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வந்த நாளில், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'டேவிட் காப்பர்பீல்டு' என்ற நாவலின் சுருக்கப் பதிப்பு ஒன்று பாடமாக இருந்தது. அதில் மிகாபர் என்றொருவர் வருகிறார். வழுக்கைத் தலை, மிடுக்கான காலர், அலங்காரமான பேச்சு. கையில் மட்டும் காசு இராது. கடன் கொடுத்தவர்கள் பொழுது விடியும் முன்பே வாசலில் வந்து நின்று கூவுவார்கள். மனிதர் மனமுடைந்து, உயிரையே மாய்த்துக்கொள்பவர் போலச் சவரக்கத்தியைக் கையில் எடுப்பார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், பூட்ஸை வெகு சிரத்தையுடன் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டை முனகியவாறு உலாவக் கிளம்பிக்கொண்டிருப்பார். என்றைக்காவது ஒருநாள் ஏதாவது வந்து சேர்ந்துவிடும் என்பது அவருடைய வேதாந்தம்.

இந்தப் பகுதி வந்தால் வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். நானும் குரலை மாற்றி, கையை வீசி, நடித்தே படிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பெருமை. ஓர் ஆண்டு, மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகு என் மேசையருகே வந்து நின்றான். "சார், அந்த மிகாபருடைய குழந்தைகள் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. "சுருக்கப் பதிப்பில் அதெல்லாம் இராது, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றைத் தேடியெடுத்துப் படித்தேன். அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது, அதுவும் பைசாக் கணக்கோடு இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். காலம் கடந்து கிடைத்த அந்த விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

மிகாபர் கற்பனையில் பிறந்தவர் அல்லர். அவர் டிக்கன்ஸின் தந்தை ஜான் டிக்கன்ஸ். கடற்படையின் சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் அவர் ஓர் எழுத்தர். அரசாங்க உத்தியோகம், தவறாத வருமானம். குடிப்பழக்கத்தால் கெட்டவர் அல்லர், சூதாடியும் அல்லர். வந்ததைவிட எப்போதும் சற்று அதிகமாகச் செலவிடுவார், அவ்வளவுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். அவருக்கு அளக்கும் கையே இல்லை.

1822-ஆம் ஆண்டு குடும்பம் சாத்தம் நகரத்திலிருந்து லண்டனுக்கு வந்தது. அங்கே கடன் கழுத்தை நெரித்தது. தாய் எலிசபெத் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கலாம் என்று பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாசலில் பித்தளைப் பலகையும் மாட்டினாள். ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. பிறகு வீட்டிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கின. முதலில் போனவை புத்தகங்கள். 'ராபின்சன் குரூசோ', 'டான் குவிக்சோட்', அரபுக் கதைகள் முதலிய அந்தச் சிறு நூல்கள்தாம் சார்லஸ் என்ற சிறுவனுக்குச் சாத்தத்தில் உலகமாக இருந்தவை. அவற்றைப் பழைய புத்தகக் கடைக்குச் சுமந்து சென்று விற்று வந்தவனும் அவனே. அடகுக் கடைக்கு நடந்தவனும் அவனே. வீட்டின் மூத்த ஆண்பிள்ளை அல்லவா!

1824-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அவனுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியது. சில நாட்களுக்குள் அவன் வேலைக்கு அனுப்பப்பட்டான். உறவினர் ஒருவர் பார்த்துக் கொடுத்த வேலை. தேம்ஸ் நதிக்கரையில் ஹங்கர்போர்டு படித்துறை என்ற இடத்தில், எலிகள் ஓடும் ஒரு பாழடைந்த கட்டடம். இன்று சேரிங் கிராஸ் ரயில் நிலையம் இருக்கும் பக்கம் அது. அங்கே பூட்ஸுக்குப் பூசும் கறுப்புப் பாலிஷ் தயாரித்தார்கள். புகழ்பெற்ற வாரன் கம்பெனி ஸ்டிராண்டு வீதியில் 30-ஆம் எண்ணில் இருந்தது. இதுவோ அதற்குப் போட்டியாக எழுந்த வேறொரு வாரன் கம்பெனி. ஆகவே தன் விலாசத்தில் '30' என்பதையும் 'ஸ்டிராண்டு' என்பதையும் கொட்டை எழுத்திலும், நடுவிலுள்ள 'ஹங்கர்போர்டு படித்துறை' என்பதைப் பொடி எழுத்திலும் போட்டுக்கொண்டது. வியாபாரத் தந்திரம் எக்காலத்திலும் ஒன்றுதான் போலும்! இந்த விலாசத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவனின் வேலை இது: பாலிஷ் நிறைந்த ஜாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடவேண்டும், அதன்மேல் நீலத் தாள் ஒன்று, அதைக் கயிற்றால் சுற்றிக் கட்டவேண்டும், தாளின் விளிம்பை ஒட்ட நறுக்கவேண்டும், சில பன்னிரண்டு டஜன்கள் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும். காலைமுதல் இரவுவரை இதுவே வேலை. கூலி வாரத்துக்கு ஆறு ஷில்லிங்.

அவன் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆவதற்குள், பிப்ரவரி 20-ஆம் நாள், தந்தை கைது செய்யப்பட்டார். ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் தரவேண்டிய 40 பவுனும் 10 ஷில்லிங்கும்தான் காரணம். அந்நாளில் இங்கிலாந்தில் கடன் கொடுத்தவன் நினைத்தால் கடன் பட்டவனைச் சிறையில் அடைக்கலாம். கடனைத் தீர்த்தால் அல்லது சட்டம் வழிவிட்டால் விடுதலை. சிறைக்குள் இருப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கடனைத் தீர்ப்பான் என்று யாரும் கேட்கவில்லை. ஜான் டிக்கன்ஸ் அடைக்கப்பட்ட சிறைக்கு மார்ஷல்சீ என்று பெயர். உள்ளே போகும்போது, தன் வாழ்வில் சூரியன் என்றென்றைக்குமாக அஸ்தமித்துவிட்டான் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். மகன் அதை நம்பினான். நெஞ்சு உடைந்தது என்றே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

முதல் முறையாகச் சிறையில் தந்தையைப் பார்க்கப் போனபோது இருவரும் மாடியறையில் அமர்ந்து அழுதார்கள். கணப்பில் நிலக்கரி அதிகம் எரிந்துவிடாமல் இருக்க இருபுறமும் செங்கல் வைத்திருந்தது. அப்போது தந்தை மகனுக்கு ஓர் உபதேசம் செய்தார்: ஆண்டுக்கு இருபது பவுன் வருமானம் உள்ளவன் ஆறு பென்ஸ் மிச்சம் பிடித்தால் இன்பமாக வாழ்வான், ஒரு ஷில்லிங் அதிகமாகச் செலவிட்டால் துன்பத்தில் வீழ்வான். மிகாபர் சொல்வதாக நாங்கள் வகுப்பில் படித்துச் சிரித்த அதே உபதேசம். அது முதலில் சொல்லப்பட்ட இடம் சிறை. கேட்டவன் பன்னிரண்டு வயதுப் பையன். நாவலில், உபதேசம் முடிந்ததும் மிகாபர் ஒரு ஷில்லிங் கடன் வாங்குகிறார். டேவிட்டிடமே வாங்குகிறார். அதற்கு மது வரவழைக்கிறார். அந்த ஷில்லிங்கைத் திருப்பித் தரும்படி மனைவிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுக்கிறார். பிறகு கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு உற்சாகமாகிறார்.

சிறிது நாளில் தாயும் இளைய குழந்தைகளும் சிறைக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். அதற்கு அனுமதி இருந்தது. வெளியே வாடகை இல்லை, கடன்காரர் தொல்லை இல்லை. மூத்த மகள் பேனி இசைக் கல்லூரியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சார்லஸ் மட்டும் கேம்டன் டவுன் பகுதியில் ஒரு கிழவியின் வீட்டில் தங்கினான். தங்குவதற்கான வாடகையைத் தந்தை கொடுத்தார். உணவு அவன் பாடு. திங்கட்கிழமை காலைமுதல் சனிக்கிழமை இரவுவரை புத்தி சொல்லவோ, தேற்றவோ, தாங்கவோ அவனுக்கு ஒருவரும் இல்லை.

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் என்ன சாப்பிட்டான்? காலையில் ஒரு பென்னிக்கு ரொட்டி, ஒரு பென்னிக்குப் பால். இரவுக்கு இன்னொரு சிறு ரொட்டியும் கால் ராத்தல் பாலாடைக்கட்டியும் அலமாரியில் எடுத்து வைத்திருப்பான். நடுப்பகலுக்குத்தான் துன்பம். காலையில் வேலைக்கு வரும் வழியில் மிட்டாய்க் கடை வாசலில் முந்தைய நாளின் பழைய பணியாரங்களைப் பாதி விலைக்கு வைத்திருப்பார்கள். பசி பொறுக்காது. மதியச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போய்விடும். குழந்தைதானே! பிறகு மதியம் ஒரு துண்டுப் புட்டிங்கோடு முடியும். அல்லது ஒன்றும் இராது. கையில் காசே இல்லாத நாளில் கோவென்ட் கார்டன் சந்தைக்குப் போய், அங்கே அடுக்கி வைத்திருக்கும் அன்னாசிப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் புத்தகம் போலத் தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் பெரிய உணவு விடுதி ஒன்றுக்குள் நுழைந்துவிட்டான். ஒரு சிறு தட்டு இறைச்சி கொண்டுவரச் சொல்லி, ரொட்டியோடு சாப்பிட்டான். பரிமாறுகிறவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்; இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். சிறுவன் போகும்போது அவருக்கு அரைப் பென்னி இனாம் கொடுத்தான். அவர் அதை வாங்காமல் இருந்திருக்கலாம் என்று மனம் ஏங்கியதாம்.

இந்த நிலையில்தான் அவன் ஒரு காரியம் செய்தான். வாரக்கூலி கைக்கு வந்ததும் அதை ஆறு சம பங்குகளாகப் பிரித்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் மடித்துப் பொட்டலம் கட்டினான். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு கிழமையின் பெயரை எழுதினான். கம்பெனியின் கணக்கு அறையில் தனக்கென இருந்த இழுப்பறையில் அவற்றை வைத்தான். செவ்வாய்க்கிழமைப் பொட்டலத்தைத் திங்கட்கிழமை தொடக்கூடாது. நாள் முழுதும் ஜாடிகளைத் தாளில் கட்டிப் பெயர் ஒட்டிய அதே விரல்கள், தன் வாழ்க்கையையும் அவ்வாறே கட்டிப் பெயரெழுதி வைத்தன. அவன் தந்தை நாற்பது வயதை எட்டும்வரை கற்காத பாடம் இது. ஆனால் நண்பர்களே, முயற்சி பெரும்பாலும் பலிக்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். புதன்கிழமைப் பொட்டலம் முன்னாலேயே அவிழ்ந்துவிடும். அந்த ஒப்புதலைப் படித்தபோது எனக்கு அவர்மேல் அன்பு பெருகியது.

பசியைவிட அவனை வதைத்தது வேறொன்று. தான் எங்கிருந்து வருகிறோம் என்பது யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்ற அச்சம். கூட வேலைசெய்த பையன்களில் பாப் பேகின் என்றொருவன் உண்டு. தாய் தந்தையற்றவன். ஒருநாள் சார்லஸுக்கு விலாவில் பழைய வலி வந்து துடித்தான். பாப் வைக்கோலில் அவனைப் படுக்கவைத்து, காலிப் பாலிஷ் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, பாதி நாள் ஒற்றடம் கொடுத்தான். மாலையில் தனியே விடமாட்டேன் என்று கூடவே நடந்தான். சிறைக்குப் போகும் வழி! பாப் அதை அறியலாமா? விடைபெறப் பல சாக்குச் சொல்லியும் அந்த நல்ல பையன் போகவில்லை. கடைசியில் சதர்க் பாலத்தை அடுத்து ஒரு வீட்டின் படியேறி, "இதுதான் எங்கள் வீடு" என்று கைகுலுக்கி அனுப்பினான். அவன் திரும்பிப் பார்த்தால்? ஆகவே கதவையும் தட்டினான். ஒரு பெண் வந்து திறந்தாள். "ராபர்ட் பேகின் என்பவருடைய வீடு இதுதானா?" என்று கேட்டு வைத்தான்.

பின்னாளில் 'ஆலிவர் டுவிஸ்ட்' எழுதியபோது, சிறுவர்களைத் திருடப் பழக்கும் கொடியவனுக்கு டிக்கன்ஸ் வைத்த பெயர் பேகின். வெந்நீர் ஒற்றடத்துக்கு இது விந்தையான கைம்மாறு. தன் ரகசியத்தின் வாசல்வரை வந்துவிட்டவனை மன்னிப்பது கடினம் போலும். என் மாணவன் தன் வீட்டைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் ஏதாவதொரு பெரிய வீட்டின் கதவைத் தட்டிக் காட்டியிருப்பானோ என்னவோ!

ஒரு ஞாயிறு இரவு தனிமை தாங்காமல் அவன் தந்தையிடம் அழுதுவிட்டான். தந்தையின் மனம் உடனே இளகியது. சிறைக்கு அருகே லான்ட் தெருவில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். பின்பக்கத்து மாடியறை, ஜன்னலைத் திறந்தால் மரக்கடை. அவனுக்கு அது சொர்க்கமாகத் தோன்றியது. காலை உணவைச் சிறைக்குள் போய்க் குடும்பத்தோடு உண்ணலாம் அல்லவா! சிறைக்கதவு திறக்கும்வரை லண்டன் பாலத்தில் காத்து நிற்பான். குடும்பத்துக்கு வேலைசெய்யும் அநாதைச் சிறுமி ஒருத்தியும் அங்கே வருவாள். நதித்துறைகளையும் லண்டன் கோட்டையையும் காட்டி அவளுக்கு இல்லாத கதைகளையெல்லாம் சொல்வான்.

அந்த ஆண்டு மே மாத இறுதியில், கடன் தீர்க்க இயலாதோருக்கான சட்டத்தின்படி தந்தை விடுதலை பெற்றார். சிறுவன் மறுநாளே பள்ளிக்குப் போயிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அவன் தொடர்ந்து ஜாடி கட்டிக்கொண்டிருந்தான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேனி இசைக் கல்லூரியில் பரிசு பெற்ற நாளில் அவனும் போய்க் கண்டான், கண்ணீர் பெருகியது. அக்காளின்மேல் பொறாமையில்லை. தன்னை மட்டும் ஏன் கைவிட்டார்கள் என்பதே அவன் கேள்வி.

முடிவில் தந்தை அந்த உறவினருடன் கடிதத்தில் சண்டையிட்டார். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த மகன் அன்றே வேலையிலிருந்து அனுப்பப்பட்டான். மறுநாள் தாய் போய்ச் சமாதானம் பேசி, பையன் மீண்டும் வரலாம் என்ற சொல்லோடு திரும்பினாள். தந்தை மறுத்தார், அவன் பள்ளிக்குப் போகட்டும் என்றார். தன்னைத் திருப்பி அனுப்பத் தாய் ஆவலாக இருந்ததைத் தாம் மறந்ததில்லை, மறக்கப்போவதுமில்லை என்று டிக்கன்ஸ் கசப்போடு எழுதியிருக்கிறார்.

இந்த ஓரிடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. பையனுக்குப் பள்ளி வேண்டும் என்று தந்தை சொன்னது நல்ல சொல்தான். ஆனால் அடுத்த வாரம் அடுப்பு மூட்ட வேண்டியவள் யார்? கரண்டியையும் நாற்காலியையும் விற்று இத்தனை வாய்க்கு உணவிட்டவள் யார்? அவளுக்கு அந்த ஆறு ஷில்லிங் என்பது ஆறு நாள் ரொட்டி. செலவாளித் தந்தை இன்சொல் சொல்ல முடிகிறது. கடுஞ்சொல்லும் கணக்கும் தாயின் பங்குக்கு வந்துவிடுகின்றன. குழந்தை இன்சொல்லைத்தான் நினைவில் வைக்கிறது. தாம் நோயுற்ற காலத்தில் தந்தை இரவும் பகலும் அருகிலேயே விழித்திருந்ததை டிக்கன்ஸ் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அதுவும் உண்மைதான். அந்த மனிதர் அன்பில்லாதவராக இருந்திருந்தால் மகனின் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும்! வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவரால் வெறுக்க முடியவில்லை. 1834-இல் தந்தை மீண்டும் கடனுக்காகக் கைதானார். இளம் பத்திரிகை நிருபராகிய மகன் மீட்டார். மகன் புகழடைந்தபின் தந்தை அவருடைய பதிப்பாளர்களிடமே கடன் கேட்கத் தொடங்கினார். 1839-இல் எக்ஸிட்டர் நகருக்கு அருகே ஒரு வீடு பார்த்து, லண்டனுக்கு எட்டாத தூரத்தில் பெற்றோரைக் குடிவைத்தார் மகன். 1841-இல், தம் பெயரைச் சொல்லி வாங்கும் கடனுக்குத் தாம் பொறுப்பல்ல என்று பத்திரிகைகளில் விளம்பரமே கொடுக்க நேர்ந்தது. 1851-இல் தந்தை இறந்தபோது படுக்கையருகில் இருந்தார். மிஞ்சிய கடன்களையும் தீர்த்தார்.

மிகாபர் பிறந்தது 1849-இல். தந்தை உயிரோடிருந்த காலம். நாவலைக் கவனித்துப் பாருங்கள். டேவிட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிற குற்றம் கொடிய மாற்றாந்தந்தையின் தலையில் விழுகிறது. கடனும் சிறையும் வேடிக்கையும் மிகாபருக்கு வருகின்றன. அவர் டேவிட்டுக்குத் தந்தை அல்லர், வாடகைக்கு அறை கொடுத்தவர் மட்டுமே. தந்தை செய்த குற்றத்தைத் தந்தையிடமிருந்து பிரித்தெடுத்த பிறகுதான் மகனால் சிரிக்க முடிந்தது. தந்தை மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1855-இல் தொடங்கிய 'லிட்டில் டாரிட்' நாவலில் அதே மார்ஷல்சீ சிறை மீண்டும் வருகிறது. அங்கே ஒரு தந்தை, மகள் வெளியே போய் உழைத்துக் கொண்டுவருவதை அறியாதவர் போல நடித்துக்கொண்டு அவள் கொண்டுவந்த உணவை உண்கிறார். அந்தப் பக்கங்களில் சிரிப்பு அடங்கிவிட்டது. மிகாபரைப் படிக்கிறவர்கள் இந்த நூலையும் படிக்கவேண்டும். இரண்டும் ஒரே மனிதரின் படங்கள்.

பாலிஷ் தொழிற்சாலையில் தாம் எவ்வளவு காலம் இருந்தோம் என்பதே டிக்கன்ஸுக்கு நினைவில்லை. வெளியேறிய பின் பெற்றோர் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; அவரும் பேசவில்லை. புட்டியின் தக்கையில் பூசும் பசையின் வாசனை வந்தால் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடப்பார். 1840-களில் நண்பர் ஜான் பார்ஸ்டரிடம் எழுதிக் காட்டினார். 1870-இல் டிக்கன்ஸ் மறைந்தபின், பார்ஸ்டர் வெளியிட்ட வரலாற்றில்தான் உலகம் அதை அறிந்தது. அவருடைய பிள்ளைகளும் அப்போதுதான் அறிந்தார்கள்.

பிள்ளைகளில் ஒருவரான ஹென்றி பின்னர் ஒரு நினைவை எழுதி வைத்தார். 1869-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ். தந்தையின் கடைசிக் கிறிஸ்துமஸ். குடும்பம் கூடியிருந்து நினைவாற்றல் விளையாட்டு ஒன்று ஆடினார்கள். முன்னால் ஆடியவர்கள் சொன்ன சொற்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்து, கடைசியில் தாம் ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டும். டிக்கன்ஸின் முறை வந்தது. எல்லாவற்றையும் பிழையின்றி ஒப்பித்தார். பிறகு, கண்ணில் விந்தையான ஒரு மின்னலும் குரலில் ஒரு மாற்றமுமாகத் தம் பங்கைச் சேர்த்தார்: "வாரன் பாலிஷ், 30, ஸ்டிராண்டு."

அங்கிருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தவர் அதையும் சேர்த்து ஒப்பிக்கத் தொடங்கினார்.